முதுகில் கம்பி வைத்த பிள்ளைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோபிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 2012இல், அவளுடைய 14ஆவது வயதில், முதுகு வளைவை நிமிர்த்தி இரண்டு கம்பிகள் வைத்தார்கள். அன்றிலிருந்து பெருந்துறை, தாராபுரம், பொள்ளாச்சி என்று எங்கிருந்தாவது யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். "உங்க ஒறம்பரை ஒருத்தர் நெம்பர் குடுத்தாருங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். நான் பள்ளி ஆசிரியை, டாக்டர் இல்லை. மகளின் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இத்தனை வருடத்தில் படித்ததையும் வைத்து, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஏனுங்க டீச்சர், முதுகு வளைஞ்சிருந்தா எல்லாத்துக்கும் ஆபரேசன்தானுங்களா?

இல்லை. எக்ஸ்ரேயில் வளைவை டிகிரிக் கணக்கில் அளப்பார்கள். 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். பருவ வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவருவதே போதும். 25 டிகிரியைத் தாண்டி, வளர்ச்சியும் பாக்கி இருந்தால், வளைவு கூடாமல் உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் (பிரேஸ்). 45, 50ஐத் தாண்டினால்தான் ஆபரேசன் பேச்சு வரும்.

பெல்ட்டைச் சும்மா நினைக்காதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், பெல்ட் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமலே வளர்ச்சியை முடித்தார்கள். போடாதவர்களில் அது 48 சதவீதம். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் போட்டவர்களுக்கு வெற்றி 90 சதவீதத்துக்கு மேல். எங்கள் வீட்டில் பெல்ட்டுக்கான வயது தாண்டிய பிறகுதான் கண்டுபிடித்தோம். சீருக்குத் தாவணி கட்டும்போது ஒரு பக்கத் தோள் இறங்கியிருந்ததை என் அம்மா சொன்னார். துணி சரியாக நிற்கவில்லை என்று நான் ஊக்கு மாற்றிக் குத்தினேன். அந்த ஒரு வருடத்தை இன்றும் நினைத்துக்கொள்வேன். உங்கள் பெண்ணைக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முதுகில் ஒரு பக்கம் மேடாக எழும்பினால் அடுத்த வாரமே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

கம்பி எத்தன வருசம் தாங்குமுங்க? எப்ப மாத்தணும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கம்பியின் ஆயுளுக்குள் பிள்ளையின் ஆயுளை அடக்க முடியுமா என்ற பயம் இதற்குள் இருக்கிறது. பதில்: வழக்கமாக மாற்றுவதே இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன், இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். டாக்டர் வளைந்த பகுதியிலுள்ள முள்ளெலும்புகளில் ஸ்க்ரூ போட்டு, கம்பியால் பிடித்து நிமிர்த்துகிறார். அதோடு நிறுத்துவதில்லை. எலும்புகளுக்கு இடையே உள்ள சின்ன மூட்டுகளைச் சீவிவிட்டு, எலும்புத் துகள்களை அங்கே பரப்புகிறார். அடுத்த ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அந்த எலும்புகள் எல்லாம் ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். கம்பி அதுவரை பிடித்துக்கொண்டால் போதும். தளம் போடும்போது அடிக்கிற சென்ட்ரிங் மாதிரி. கான்கிரீட் இறுகிய பிறகு பாரத்தைத் தாங்குவது கான்கிரீட்தான். நம் பிள்ளைகளுக்குச் சென்ட்ரிங்கைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் "கம்பி நல்ல கம்பியா" என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் நான் "எலும்பு ஒட்டிவிட்டதா என்று கேளுங்கள்" என்கிறேன்.

ஒட்டிப் போச்சுன்னா கம்பிய எடுத்துடலாமில்லீங்க? எதுக்கு உள்ள கெடக்கோணும்?

எடுக்கலாம், ஆனால் தேவையில்லாமல் எடுப்பதில்லை. மறுபடி முதுகு முழுவதும் திறக்க வேண்டும், ரத்தம் போகும். ஒட்டியதாகத் தெரிந்த எலும்பு கம்பியை எடுத்த பிறகு மெல்ல வளைந்த அனுபவங்களும் உண்டு. சீழ், தாங்க முடியாத வலி, ஸ்க்ரூ தவறான இடத்தில் இருப்பது, இப்படிக் காரணம் இருந்தால் மட்டும் எடுப்பார்கள்.

துரு ஏறாதுங்களா? எந்த உலோகம் வெப்பாங்க?

ஸ்க்ரூ பெரும்பாலும் டைட்டானியம் கலவை. கம்பி டைட்டானியமாகவோ கோபால்ட்-குரோமியமாகவோ இருக்கும். பழைய காலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டைட்டானியத்தின் மேல் தானாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காப்பாற்றுகிறது. கிணற்று மோட்டார் பைப் மாதிரி துருப்பிடித்து உதிராது.

பிள்ளைக்குக் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறதா, வாட்ச் பக்கிள் பட்ட இடம் அரிக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். ஸ்டீலில் நிக்கல் கணிசமாக உண்டு, கோபால்ட்-குரோமியத்தில் சிறிதளவு இருக்கலாம். ஆபரேசனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கம்பி உள்ளேயே ஒடைஞ்சு போகுமாமே, நெசமுங்களா?

உடையலாம். கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நீட்டினால் கடைசியில் அறுந்துவிடும், இல்லையா? எலும்பு எங்காவது ஓரிடத்தில் ஒட்டாமல் நின்றுவிட்டால், அங்கே தினம் ஆயிரம் முறை நுண்ணிய அசைவு இருந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் கம்பி களைத்து உடைகிறது. ஆக, கம்பி உடைவது பெரும்பாலும் எலும்பு ஒட்டாததன் அறிகுறி. பருவ வயதுப் பிள்ளைகளில் இது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் நடக்கிறது. பெரியவர்களுக்குச் செய்யும் முதுகு ஆபரேசன்களில் அதிகம். நெட்டில் தேடினால் இரண்டையும் கலந்து படித்துப் பயந்துவிடுவீர்கள்.

இரண்டு மூன்று வருடம் நன்றாக இருந்த முதுகில் புதிதாக ஒரே இடத்தில் வலி, சுளுக்கு மாதிரி ஒரு 'டக்', நிமிர்ந்த உடல் மறுபடி சாய்வது, இவை தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உடைந்தும் வலியோ வளைவோ இல்லையென்றால் அப்படியே விட்டுப் பார்ப்பதும் உண்டு.

ஆபரேசன் ஆகி வருசக்கணக்கா ஆச்சுங்க, இனி சீழ் புடிக்காதில்ல?

அப்படி இருந்துவிட முடியாது. முதல் சில வாரங்களில் வரும் சீழ் ஒன்று. காய்ச்சல், சிவப்பு, தையலில் கசிவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்னொன்று வருடங்கள் கழித்து வருவது. நம் தோலிலேயே குடியிருக்கும் சாதாரணக் கிருமி ஆபரேசன் அன்று கம்பியின் மேல் ஒட்டிக்கொண்டு, மெல்லிய படலம் கட்டி, சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டு வருடம், ஐந்து வருடம் கழித்து முதுகில் ஒரு சின்னக் கொப்புளம், அதிலிருந்து நீர். காய்ச்சல்கூட இருக்காது. ஒரு பெண்ணுக்கு வேனல் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தபோது மனம் பதறிப்போனது.

தழும்பின் மேலோ பக்கத்திலோ கசிவு வந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், ஆபரேசன் செய்த டாக்டரிடமே போங்கள். கம்பியின் மேல் படலம் கட்டிய கிருமியை மாத்திரை மட்டும் அழிக்காது. அப்போது கம்பியை எடுக்க வேண்டியிருக்கும். எலும்பு நன்றாக ஒட்டியிருந்தால் எடுத்த பிறகும் முதுகு பெரும்பாலும் நிற்கும்.

மொத்தத்துல, மறுக்கா ஆபரேசன் வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்புங்க?

வெளிநாட்டுப் பெரிய மருத்துவமனைகள் வெளியிட்ட கணக்குகளில் நூற்றுக்கு 4 பேர் முதல் 13 பேர் வரை என்று வருகிறது. 13 என்பது பழைய வகைக் கம்பிகளின் காலத்துக் கணக்கு. மேலே சொன்ன சீழ், ஒட்டாமை, ஸ்க்ரூ விலகல், கம்பி வைக்காத பகுதியில் வளைவு கூடுவது ஆகியவைதான் காரணங்கள். "ஒண்ணுமே ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூற்றில் தொண்ணூறு பேர் இரண்டாம் முறை அந்த அறைக்குள் போவதில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

உலோகம் ரத்தத்துல கலந்து கேன்சர் வந்துருமுங்களா?

கம்பி வைத்த பிள்ளைகளின் ரத்தத்தில் டைட்டானியம், குரோமியம் அளவு கொஞ்சம் கூடுவது உண்மை. ஸ்க்ரூவும் கம்பியும் உரசும் இடத்திலிருந்து வருகிறது. எலும்பு ஒட்டி அசைவு நின்றபின் உரசலும் குறைகிறது. முதுகுக் கம்பியால் புற்றுநோய் வருகிறது என்று இதுவரை நிரூபணமாகவில்லை.

கேன்சர் பயம் உள்ளவர்கள் எக்ஸ்ரேயைக் கவனியுங்கள் என்பேன். 1912க்கும் 1965க்கும் இடையில் அமெரிக்காவில் முதுகு வளைவு கண்டறியப்பட்ட 5,573 பெண்களைப் பின்தொடர்ந்தபோது, மார்பகப் புற்றுநோய் இறப்பு எதிர்பார்த்ததைவிட சுமார் 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் சராசரியாக 25 எக்ஸ்ரே, அதுவும் அந்தக் காலத்துக் கதிர்வீச்சு அளவில். இன்றைய டிஜிட்டல் எக்ஸ்ரேயில் அளவு மிகக் குறைவு. இருந்தாலும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பிள்ளையின் நெஞ்சு எக்ஸ்ரே பிளேட்டை நோக்கி இருக்க, கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். வளரும் மார்பில் படுவது வெகுவாகக் குறையும். ஊர் மாறும்போதெல்லாம் புதிதாக எடுக்காமல் பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

குனிய முடியுமுங்களா? காட்டு வேலை, வெளையாட்டு, வண்டி ஓட்டறது?

குனிவது பெரும்பாலும் இடுப்பு மூட்டிலும் அடி முதுகிலும்தான் நடக்கிறது. நெஞ்சுப் பகுதி எலும்புகள் இயல்பிலேயே அதிகம் அசையாதவை. என் மகளுக்கு டி4 முதல் எல்1 வரை ஒட்டியிருக்கிறது, அதாவது நெஞ்சின் நான்காவது எலும்பிலிருந்து இடுப்பின் முதல் எலும்பு வரை. கோலம் போடுகிறாள், ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். கழுத்தைத் திருப்பாமல் முதுகை மட்டும் முறுக்கிப் பின்னால் பார்ப்பது சிரமம். கம்பி எல்3, எல்4 வரை இறங்கினால் கட்டுப்பாடு கூடும். எனவே "எந்த எலும்பு வரை போடுகிறீர்கள், ஒரு எலும்பு மேலேயே நிறுத்த முடியாதா" என்று ஆபரேசனுக்கு முன் கேளுங்கள். எல்லா நேரமும் முடியாது, ஆனால் கேட்பதற்கு உரிமை உண்டு.

நடை முதல் வாரத்திலேயே. பள்ளி ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில். நீச்சல், ஓட்டம் மூன்று முதல் ஆறு மாதத்தில். கபடி மாதிரி மோதும் ஆட்டங்கள் எலும்பு ஒட்டியது தெரிந்த பிறகு, டாக்டர் சொன்னால் மட்டும்.

ஸ்கேன் எடுக்கலாமுங்களா? இடி மின்னல் இழுக்குமுன்னு எங்க அப்பாரு பயப்படறாருங்க.

இடியைக் கம்பி இழுக்காது. அப்பாருவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். கம்பி இருக்கும் இடத்தில் படம் மங்கலாக வரும், அதனால் முன்பே சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் சில சமயம் பீப் அடிக்கும். கவனிக்க வேண்டியது பிசியோதெரபி: ஷார்ட்வேவ் டயதெர்மி என்ற சூட்டு சிகிச்சையைக் கம்பி உள்ள இடத்தில் கொடுக்கக் கூடாது, உலோகம் சூடேறும்.

கல்யாணத்துக்குச் சொல்லோணுங்களா? கொழந்த பெத்துக்க முடியுமுங்களா?

சொல்லுங்கள். நாங்கள் ஜாதகம் கொடுக்கும்போதே சொன்னோம். இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவது வீட்டில் மாப்பிள்ளையின் ஆத்தா, "எங்கூட்டுக்காரருக்கு முட்டிக்கு வெக்கிலியா, அதாட்டந்தான" என்று முடித்துவிட்டார். மறைத்துவிட்டு, பிறகு தழும்பைப் பார்த்து ஒரு வீடே பேசும் நிலையைப் பெண்ணுக்கு வைக்காதீர்கள்.

குழந்தை பெறலாம். சுகப்பிரசவமும் ஆகலாம். கம்பி இருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. சிக்கல் மரப்பு ஊசியில்தான். அடி முதுகு வரை எலும்பு ஒட்டியிருந்தால் ஊசி நுழைய இடம் கிடைப்பது கடினம். என் மகளுக்குப் போன வருடம் பிரசவம். மயக்க டாக்டர் முதலில் கேட்டதே "எந்த எலும்பு வரை?" என்றுதான். எல்1இல் முடிகிறது என்ற தாளை நீட்டினோம். அதற்குக் கீழே ஊசி போட்டார், வேலை முடிந்தது. ஏழாம் மாதத்திலேயே மயக்க டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்தத் தாள் எங்களுக்குக் குடுக்கலீங்களே?

எங்களுக்கும் கொடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் "கம்பி வைத்து நிமிர்த்தப்பட்டது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆபரேசன் செய்த மருத்துவமனைக்கு மூன்று நடை நடந்து, கடைசியில் ரெக்கார்டு அறையில் ஒருவர் இரக்கப்பட்டுத் தேடி எடுத்துத் தந்தார். எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றால்: ஆபரேசன் குறிப்பு, எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை என்ற விவரம், ஸ்க்ரூ-கம்பிப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்கள். ஸ்டிக்கரில் கம்பெனி, உலோகம், லாட் எண் எல்லாம் இருக்கும். இருபது வருடம் கழித்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டுமென்றால் எந்தக் கருவி பொருந்தும் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். மருத்துவச் சாதனங்களால் வரும் கேடுகளைப் பதிவு செய்ய 2015 முதல் நம் நாட்டிலும் ஒரு திட்டம் காசியாபாத்திலிருந்து நடக்கிறது. அங்கே புகார் அனுப்பவும் இந்த விவரங்கள் வேண்டும்.

இருவது முப்பது வருசங் கழிச்சு எப்படி இருக்கும்னு யாருக்காச்சும் தெரியுமுங்களா?

தெரியும். ஹூஸ்டனில் டாக்டர் பால் ஹாரிங்டன் வடிவமைத்த ஸ்டீல் கம்பி பற்றிய கட்டுரை 1962இல் வந்தது. அப்போது கம்பி வைத்துக்கொண்ட சிறுமிகள் இன்று பாட்டிகள். அவர்களிடமிருந்து கற்றதில் கசப்பானதும் உண்டு: அந்தக் கம்பி முதுகை இழுத்து நீட்டியதால் இடுப்பின் இயல்பான குழிவு தட்டையாகி, நடுத்தர வயதில் பலர் முன்னால் சாய்ந்தே நடக்க வேண்டி வந்தது. இன்று ஒவ்வொரு எலும்பிலும் ஸ்க்ரூ போட்டு, குழிவுக்கு ஏற்பக் கம்பியை வளைத்து வைப்பது அந்தப் பாடத்தால்தான். ஸ்வீடனில் ஹாரிங்டன் கம்பி வைத்தவர்களை 20 வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்தபோது, முதுகுவலி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், மற்றபடி வாழ்க்கை ஏறக்குறைய எல்லோரையும் போலத்தான் இருந்தது.

மிச்சமிருக்கும் கவலை, ஒட்டிய பகுதிக்குக் கீழே உள்ள ஜவ்வுகள். அசைவு முழுவதும் அவற்றின் மேல் விழுவதால் சீக்கிரம் தேயலாம். எல்4 வரை போனவர்களுக்கு அதிகம், மேலேயே நின்றவர்களுக்குக் குறைவு. எடை கூடாமல் பார்ப்பதும், வயிறு-முதுகுத் தசைகளைப் பலமாக வைப்பதும் பிள்ளையின் கையில் இருக்கின்றன.

கயித்துல கட்டற புது ஆபரேசன் வந்திருக்காம், எலும்ப ஒட்ட வெக்க வேண்டாமாம். அது நல்லதுங்களா?

விலா வழியாகப் போய், வளைவின் வெளிப்பக்கத்தில் ஸ்க்ரூக்கள் போட்டு, பாலிமர் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். அந்தப் பக்கம் வளர்ச்சி மெதுவாகி, உள்பக்கம் வளர்ந்து, முதுகு தானாக நிமிரும் என்பது யோசனை. வளர்ச்சி பாக்கியிருக்கும், 30 முதல் 65 டிகிரி வளைவு உள்ள பிள்ளைகளுக்கென அமெரிக்க அரசு 2019 ஆகஸ்டில் இதற்கு அனுமதி தந்தது. அரிய நோய்களுக்கான சிறப்பு வழியில் வந்த அனுமதி அது, பின்னணியில் இருந்த ஆய்வில் 57 பேர்தான்.

இங்கே முதலில் சொன்ன சென்ட்ரிங் கணக்கு மாறுகிறது. எலும்பு ஒட்டுவதில்லை, ஆகவே கயிறுதான் கடைசி வரை அசைந்துகொண்டே பாரம் தாங்க வேண்டும். சில வருடங்களில் கயிறு அறுவது அரிதல்ல. அறுந்தும் முதுகு நிற்கிற பிள்ளைகள் உண்டு, மறுபடி வளைந்து கம்பிக்கே வந்தவர்களும் உண்டு, வளர்ச்சி அதிகமாகி எதிர்ப்பக்கம் வளைந்தவர்களும் உண்டு. குனிந்து நிமிரும் சுகம் பெரியதுதான். ஆனால் அறுபது வருடம் பார்த்த கம்பியோடு இதை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. முடிவெடுப்பதானால், அந்த டாக்டர் எத்தனை பேருக்குச் செய்தார், ஐந்து வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு அறுந்தது என்று கேளுங்கள்.

காந்தத்துல நீளற கம்பின்னு ஒண்ணு இருக்குதாமே?

அது சின்னப் பிள்ளைகளுக்கானது, பத்து வயதுக்குக் கீழே. வெளியிலிருந்து காந்தக் கருவியை வைத்து நீட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் கத்தி வைக்கத் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் உள்ளே நகரும் பாகங்கள் தேய்ந்து கறுப்பு உலோகப் பொடி சதையில் படிந்ததால் பிரிட்டனில் 2020இல் ஒரு வகையின் பயன்பாட்டை நிறுத்திவைத்தார்கள். அது நிரந்தரமாக விட்டுவிடுவதும் அல்ல. வளர்ச்சி முடிந்ததும் எடுக்க வேண்டும்.

இத்தன வம்புக்கு, ஆபரேசனே வேண்டாம்னு உட்டுட்டா என்னங்க?

அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் சிகிச்சையே எடுக்காதவர்களை 50 வருடம் பின்தொடர்ந்து 2003இல் எழுதினார்கள். ஆயுள் மற்றவர்களைப் போலவே இருந்தது, குடும்பம், வேலை எல்லாம் நடந்தது. ஆனால் நாள்பட்ட முதுகுவலி 61 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 35. நெஞ்சுப் பகுதியில் 80 டிகிரிக்கு மேல் போனவர்களுக்கு மூச்சிரைப்பு. 50 டிகிரியைத் தாண்டிய வளைவு வளர்ச்சி முடிந்தபின்னும் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி கூடுகிறது. பதினாலு வயதில் 55 என்றால் நாற்பது வயதில் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். 40 டிகிரியில், வளர்ச்சி முடிந்த பெண்ணுக்கு அவசரப்படத் தேவையில்லை.

காப்பீட்டுல வருமுங்களா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. தேதி குறிக்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இரண்டு தனிக் கேள்வி கேளுங்கள்: ஆபரேசனுக்கு அனுமதி உண்டா, ஸ்க்ரூ-கம்பிக்கான செலவு அதற்குள் அடங்குமா.

டாக்டர் "இனி வர வேண்டாம்"னுட்டாருங்க. அப்புறம் பாக்கோணுமா?

இரண்டு வருடம் தாண்டி எல்லாம் சரியாக இருந்தால் அப்படித்தான் சொல்வார்கள். இருந்தாலும் ஐந்தாம் வருடமும் பத்தாம் வருடமும் ஒருமுறை காட்டிவிட்டு வருவது நல்லது. அதற்கு நடுவே தழும்பில் கசிவு, புதிய வலி, காலில் மரப்பு, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம், உடல் சாய்வது என்று ஏதாவது தெரிந்தால் காத்திருக்காதீர்கள். காலும் சிறுநீரும் என்றால் அன்றைக்கே. என் மகளின் கோப்பு எங்கள் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு மேல் இருக்கிறது. கல்யாணம் ஆகிப் போனபோது அதில் ஒரு நகலை அவள் பெட்டியிலும் வைத்து அனுப்பினேன்.